நச்சு தாக்கிய கல்லீரலில் கொழுப்பைப் பார்ப்பது: ஆயில் ரெட் ஓ சாயம்

கார்பன் டெட்ராகுளோரைடு என்ற கல்லீரல் நஞ்சு கொடுத்த எலியின் கல்லீரலைப் பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டினால், கொழுப்பு இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். பதிக்கும் முன் பயன்படுத்தும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அது கொழுப்பா, கிளைகோஜனா (செல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து), நீர் கோத்ததா என்று ஓட்டையை மட்டும் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. உறையவைத்து வெட்டி, கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்றுவதுதான் வழி.

10% ஃபார்மலினில் பதப்படுத்திய துண்டை 30% சுக்ரோஸ் கரைசலில் போடுங்கள். முதலில் மிதக்கும், அடியில் போய் உட்கார்ந்தால் தயார். ஓர் இரவு பிடிக்கும். பொறுமையில்லாமல் முன்பே எடுத்தாலோ, மெதுவாக உறையவிட்டாலோ பனிப்படிகம் திசுவைக் கிழித்துவிடும். அந்தப் பொத்தலைக் கொழுப்பென்று எண்ணுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. வெட்டு 8 முதல் 10 மைக்ரான், கிரையோஸ்டாட் (உறைந்த திசுவை வெட்டும் குளிர்பெட்டி) −20 டிகிரி. கொழுப்பு ஏறிய கல்லீரல் அந்தக் குளிரிலும் குழைந்து கத்தியில் அப்பினால் இன்னும் சில டிகிரி இறக்குங்கள்.

ஐசோபுரோப்பனாலில் கரைத்த 0.5% சாயம் 3 பங்கு, தண்ணீர் 2 பங்கு. 10 நிமிடம் கழித்து வடிகட்டி அன்றைக்கே பயன்படுத்துங்கள். பழைய கலவை சிவப்புத் துகளாகப் படிந்து ஏமாற்றும். 60% ஐசோபுரோப்பனாலில் ஒரு முக்கு, சாயத்தில் 15 நிமிடம், மறுபடி ஒரு முக்கு. இந்தக் கடைசி முக்கு நீண்டால் துளிகளே வெளுத்துவிடும். உட்கருவை நீலமாக்கும் ஹீமடாக்சிலின் சாயத்துக்குப் பிறகு கிளிசரின் ஜெல்லியில் மூடுங்கள். கவர்ஸ்லிப்பை அழுத்தாதீர்கள், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும்.

சிவப்பு முதலில் மைய நாளத்தைச் சுற்றித்தான் தெரியும். நஞ்சை டிரைகுளோரோமெத்தில் ராடிக்கலாக (எளிதில் வினைபுரியும் நிலையற்ற துகள்) மாற்றும் சிஒய்பி2இ1 நொதி அங்கேதான் அதிகம். ராடிக்கல், செல்லுக்குள் புரதம் தயாராகும் எண்டோபிளாச வலையின் சவ்வைச் சிதைக்கிறது. புரத உற்பத்தி படுக்கிறது. அபோபி என்ற சுமக்கும் புரதத்தோடு விஎல்டிஎல் என்ற துகளாக ரத்தத்துக்குக் கிளம்ப வேண்டிய டிரைகிளிசரைடு கொழுப்பு செல்லுக்குள்ளேயே தேங்குகிறது. கொழுப்பு உள்ளே வருவதைவிட வெளியேறும் வழி அடைபடுவதே இங்கே முக்கியம். அதனால் கல்லீரலில் டிரைகிளிசரைடு ஏறும்போது ரத்தத்தில் இறங்கும். கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி நொதியை மட்டும் பார்த்துவிட்டு ரத்த டிரைகிளிசரைடை அளக்காமல் விடுவது பெரிய இழப்பு.

ஒப்பீட்டு எலிகளுக்கு நஞ்சைக் கலந்த அதே எண்ணெயை மட்டும் கொடுங்கள். பட்டினி நேரமும் ஒன்றாக இருக்கட்டும். நீண்ட பட்டினியே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும்.

கொழுப்பின் அளவு வேண்டுமென்றால், கரைப்பானால் அதைப் பிரித்தெடுக்கும் ஃபோல்ச் முறை: குளோரோஃபார்ம் 2 பங்கு, மெத்தனால் 1 பங்கு. குளோரோஃபார்மும் இதே நொதி வழியே கல்லீரலைத் தாக்குவதுதான். ஃபியூம் ஹுட்டுக்கு (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வெளியே திறக்கவே கூடாது. நைட்ரைல் கையுறையைச் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும். ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே கழற்றி மாற்றுங்கள்.