எட்டுப் பொம்மை, ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கைப்பிடி ஏலக்காய்

ஆனி மாதத்தில் குமுளியில் பொம்மைக்கு ப்ரைமர், அதாவது சாயத்துக்கு அடியில் போகும் முதல் பூச்சு, அடிக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு பொம்மை செலவானது.

கூடலூரில் என் வீட்டு மொட்டைமாடியிலேயே அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பொம்மைகளைப் பலகையில் நகர்த்தி ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். ஸ்ப்ரே டப்பாவையும் பொம்மைகளையும் பையில் போட்டுக்கொண்டு, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, என்னோடு ஆடும் சேட்டன் வீட்டு மாடியில் வைத்து அடித்தேன். மேகம் ஜன்னல் வழியாக வந்து கதவு வழியாகப் போகிற நேரம் அது. காய்ந்ததும் பார்த்தால் ஒவ்வொரு பொம்மை மேலும் ரவை தூவியதுபோல் சொரசொரப்பு. காற்றில் அவ்வளவு ஈரம் இருந்தால் பெயிண்ட் இறங்கும்போதே கெட்டுவிடுகிறது. சேட்டன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பிரேதத்துக்கு இது கொள்ளாமடா. தோல் அழுகின மாதிரியே இருக்கு."

அவர் சொன்னதும் சரிதான். நாலில் மூன்று, ஆட்டத்தில் பிணங்களாக வருகிறவைதான், அப்படியே விட்டுவிட்டேன். நாலாவதைச் சுத்தம் செய்கிறேன் என்று தின்னரில் முக்கியதில் ஒரு கை பாகாக உருகி ஓடியது. பிளாஸ்டிக்குக்குத் தின்னர் ஆகாது. ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்திருக்க வேண்டும்.

நாங்கள் ஆடுவது மாலிஃபோ. 2009-இல் அமெரிக்காவில் வைர்ட் நிறுவனம் கொண்டுவந்த ஆட்டம். எங்களிடம் இருப்பது 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பு விதிகள். விக்டோரியா காலத்து உடுப்பு, தொப்பி, நீராவி இயந்திரம், அதோடு சூனியம், எழுந்து நடக்கும் பிணம் எல்லாம் கலந்த ஓர் ஊர். ஒரு பக்கத்துக்கு எட்டு ஒன்பது பொம்மை இருந்தால் போதும். கட்டைவிரல் உயரம்தான் ஒவ்வொன்றும். பலகை மூன்றடிக்கு மூன்றடி. ஐந்து சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும். பெரும்படை ஆட்டங்கள் மாதிரி நூறு பொம்மைக்குச் சாயம் பூசி ஆயுளைக் கழிக்க வேண்டியதில்லை. வாங்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மூலம் இரண்டு பெட்டி வந்தது, பிறகு மூன்றாவதும் வந்தது. ஒரு வருஷம் ஓடிவிட்டது, முழுதாகச் சாயம் பூசி முடித்தவை எட்டு. மூன்றாவது பெட்டியை ஏன் வாங்கினேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த ஆட்டத்தில் பகடை கிடையாது. அதனால்தான் சேட்டன் உள்ளே வந்தார். அவருக்கு மலைச்சரக்குக் கடை, வயது ஐம்பதுக்கு மேல். பொம்மையைக் கண்டு முதலில் சிரித்தவர், சீட்டுக்கட்டைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆளுக்கு 54 சீட்டு, இரண்டு ஜோக்கர் உட்பட. இதற்கென்று தனிக் கட்டு விற்கிறார்கள். சாதாரணச் சீட்டிலும் ஆடலாம். நாங்கள் பெட்டிக்கடைச் சீட்டில்தான் ஆடுகிறோம். அடிக்கும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு சீட்டைக் கட்டிலிருந்து திருப்புகிறோம். என் பொம்மையின் எண் 5, திருப்பியது 8, மொத்தம் 13. அவர் தடுப்பு 5, திருப்பியது 10, மொத்தம் 15. தோற்கும் பக்கம் நான் என்பதால் முதல் உரிமை எனக்கு: கையில் ஒளித்து வைத்திருக்கும் ஆறு சீட்டில் ஒன்றை மேலே போட்டு மாற்றிக்கொள்ளலாம். 12-ஐப் போட்டால் 17. அவர் அசராமல் ராஜாவை இறக்கினால் 18. இப்படி மாற்றுவதற்குப் பெயரே தலைவிதியை ஏமாற்றுவது. கறுப்பு ஜோக்கர் வந்தால் மட்டும் யாராலும் ஏமாற்ற முடியாது. அதன் மதிப்பு பூஜ்யம். சிவப்பு ஜோக்கருக்கு 14.

சேட்டன் சின்ன வயதிலிருந்தே இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர். அதில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ராஜாவுக்கு ஒன்றுமில்லை. முதல் மூன்று ஆட்டமும் அவர் "குலான்!" என்று கத்தி ஜாக்கியைப் பலகையில் அறைவார். "சேட்டா, இங்கே அது வெறும் பதினொண்ணு" என்று நான் சொன்னால், சீட்டையே பரிதாபமாகப் பார்ப்பார். ஆனால் எந்தச் சீட்டு போனது, எது பாக்கி என்று மனதில் வைத்துக்கொள்வதில் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. "உன் கட்டில் பெரிய ஸ்பேடு தீர்ந்துபோச்சு, இனி அந்த மந்திரம் நடக்காது" என்பார். சில வித்தைகளுக்கு எண் போதாது, இன்ன ஜாதிச் சீட்டு வேண்டும் என்று இருக்கிறது. பிணம் எழுப்பும் என் கூட்டத்துக்குக் காக்கை, அதாவது ஸ்பேடு. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என் தலைவன் ஷேமஸ். உயரத் தொப்பி, பெரிய துப்பாக்கி, தொழில் கொலை. அவன் திரியும் பேட்டைக்கு ரெட்சேப்பல் என்று பெயர். 1888-இல் லண்டன் வைட்சேப்பலில் நடந்த கொலைகளை நினைத்து வைத்த பெயர் என்பது தெரிகிறது. சாயம் பூசிக் காய வைத்திருந்தபோது அம்மா எடுத்துப் பார்த்து, "இது யாருடா, பென்னிகுவிக்கா?" என்றார். எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவில் பென்னிகுவிக் படமும் உண்டு. அவர் கட்டிய பெரியாறு அணை 1895-இல் முடிந்ததால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும். "இல்லம்மா, கொலைகாரன்" என்றேன். சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

சாயம் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே நேரம் போட்டேன். ஷேமஸின் கூட்டத்தில் அழுகிய அழகிகள் சிலர். அலங்கார உடுப்புப் போட்ட பிணங்கள். உடுப்புக்கு என்ன நிறம் என்று தேடப்போய், ஒரு வாரம் பிரஷ்ஷையே தொடவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் விரும்பி உடுத்திய பளிச்சென்ற பச்சை, ஆர்செனிக் கலந்த பச்சை. 1861-இல் லண்டனில் செயற்கைப் பூக்களுக்கு அந்தப் பச்சைத் தூளைத் தூவும் வேலை செய்த மெடில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண் அந்த விஷத்தாலேயே இறந்தாள். முதல் அழகிக்கு அந்தப் பச்சையே கொடுத்தேன். விரல் நுனிகளிலும் பச்சை தொட்டு வைத்தேன். அவ்வளவு சின்ன விரலை யார் பார்க்கப்போகிறார்கள்? எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாமவளுக்கு மெல்லிய ஊதா. 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, அது வராமல், குடுவையில் இந்த ஊதாச் சாயம் வந்து நின்றது. அதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. அணை கட்டும்போது மேலே காட்டில் மலேரியாவில் போன கூலியாட்கள் எத்தனையோ பேர். அங்கே தவறிப்போன மருந்து, இங்கே ஒரு பொம்மையின் பாவாடையில். மூன்றாமவளுக்கு முழுக் கறுப்பு. கணவர் ஆல்பர்ட் 1861-இல் இறந்த பிறகு விக்டோரியா ராணி சாகும்வரை கறுப்புதானே உடுத்தினார்.

முகத்துக்கு வெள்ளையில் துளி பச்சை, துளி பழுப்பு. மேலே நீர்க்கக் கரைத்த கறுப்பை ஓடவிட்டால் சொரசொரப்பெல்லாம் சுருக்கமாகத் தெரிகிறது. ஆனி மாதத்துப் பாவம் அங்கே கழிந்தது.

பலகையும் கட்டிடங்களும் மாப்ள பொறுப்பு. என்னோடு பள்ளியில் படித்தவன், பொம்மை வாங்க மாட்டான், செய்வான். திராட்சை அட்டைப்பெட்டியை அறுத்து மூன்று மாடி வீடுகள். தேயிலைத் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட செடியின் வேர்களைக் காயவைத்து நட்டான். ஒரு அங்குலம் கூடத் திருத்தாமல் பட்ட மரங்கள். தரைக்கு, குடித்த டீத்தூளை வெயிலில் உலர்த்திப் பசை மேல் தூவினான். வாசனை போக நாலு நாள் ஆனது. தெர்மோகோல் கல்லறைகளுக்கு மட்டும் என் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடித்துவிட்டான். கல்லறைகள் அவன் கண்ணெதிரே குழிவிழுந்து கரைந்தன. "விடு மாப்ள, பழைய கல்லறைன்னு சொல்லிக்கலாம்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

ஆட்டத்தில் ஆன்மக்கல் என்று ஒன்று உண்டு. தலைவன் அடி வாங்கும்போது ஒரு கல் செலவழித்து அடியைக் குறைக்கலாம். கல்லுக்குப் பதில் நாங்கள் வைப்பது சேட்டன் கடை ஏலக்காய். செலவழித்த காயைச் செலவழித்தவனே வாயில் போட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டு விதி. ஏலத்தில் விலை ஏறியிருக்கும் வாரங்களில் சேட்டன் அடியையே வாங்கிக்கொள்வார், காயைத் தொடமாட்டார். நான் அந்த வாரங்களில்தான் ஜெயித்திருக்கிறேன்.

போன ஞாயிறு ஆட்டம். அவர் தலைவி லேடி ஜஸ்டிஸ், கண்ணைக் கட்டிய பெரிய வாள்காரி. கூடவே சவப்பெட்டி சுமக்கும் மார்ஷல்கள். அந்தப் பெட்டிக்குள் என் ஆளைத் தள்ளி மூடிவிட்டால் அவன் பலகையிலேயே இல்லை. இரண்டாம் சுற்றிலேயே ஊதாக்காரியை மூடிவிட்டார். அழகிகளுக்கு எதிரியை மயக்கித் தன் பக்கம் இழுக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. ஐந்தாம் சுற்றில் பச்சைக்காரி லேடி ஜஸ்டிஸைத் தேயிலை மரங்களுக்கு நடுவே இழுத்து, ஷேமஸின் துப்பாக்கிக்கு நேரே நிறுத்தினாள். கையில் எனக்கு ராஜா. சேட்டன் கையில் ஒரே சீட்டு. முகத்தைப் பார்த்தாலே சின்னது என்று தெரிந்தது. மாப்ள எழுந்து நின்றுவிட்டான். வெளியே மேகம் இறங்கி எதிர் கடை போர்டு மறைந்துபோயிருந்தது.

திருப்பினேன். கறுப்பு ஜோக்கர்.

கையில் இருந்த ராஜாவை அவரிடம் காட்டினேன். "இருபத்தெட்டில் இதுக்கு ஒண்ணுமில்லைன்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார். மிச்சமிருந்த இரண்டு ஏலக்காயில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதை என் பக்கம் தள்ளினார்.

மூன்றாவது பெட்டியை இன்னும் வெட்டவில்லை. இந்தத் தடவை பிரஷ்ஷில் பூசும் ப்ரைமர் வாங்கி வைத்திருக்கிறேன். தை பிறக்கட்டும்.