‘டைப்’ என்றால் எந்த டைப்?

எங்கள் கம்பைலர் ஒன்றும் பெரியதல்ல. கட்டண விதிகளை எழுத அலுவலகத்துக்குள்ளேயே பிறந்த ஒரு குட்டி மொழி. அதற்கு சி++இல் எழுதிய ஒரு கம்பைலர், அதாவது அந்த மொழியில் எழுதியதை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் நிரல். ஒன்பது வருடத்தில் ஐந்தாறு பேர் கை மாறி வந்தது. கம்பைலர் மூலநிரலை ஒரு மரமாகப் பிரித்து வைக்கும், மரத்தின் ஒவ்வொரு வகைக் கணுவுக்கும் (நோடு) ஒரு வகுப்பு. எந்தப் பகுதியை யார் எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் பக்கமே போக வேண்டாம், அந்த வகுப்புகளின் பெயர்களைப் பார்த்தாலே போதும். முதலாமவர் ‘பைனரிஎக்ஸ்பிரஷன்’ என்று முழுசாக எழுதுவார். அடுத்து வந்தவர் ‘யூனரிஎக்ஸ்பர்’ என்று சுருக்கினார். மூன்றாமவருக்கு அதுவும் நீளம், ‘கால்எக்ஸ்ப்’ என்று நிறுத்திவிட்டார். ‘இஃப்நோட்’ பக்கத்திலேயே ‘ஃபார்ஸ்டேட்மென்ட்’ இருக்கும். அதற்கும் கீழே வாலே இல்லாமல் மொட்டையாக ஒரு ‘ரிட்டர்ன்’.

கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். பெயர் மாற்றலாமா என்று யாராவது பேச்செடுத்தால், “ஓடுற வண்டிக்கு இப்ப எதுக்கு பெயின்ட்?” என்று தட்டிக்கழித்தவனே நான்தான்.

மனசு மாறியது ஒரே ஒரு வரியால். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, இரண்டு கோவைகளின் (மதிப்பு தரும் நிரல் துண்டு, எக்ஸ்பிரஷன்) டைப்பும், அதாவது எண்ணா எழுத்தா என்பது போன்ற வகையும், ஒன்றுதானா என்று பார்க்கும் வரியைக் காட்டி, “ப்ரோ, இது எந்த டைப்?” என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எங்களிடம் ‘டைப்’ என்ற பெயரில் இரண்டு வகுப்புகள் இருந்தன. ஒன்று, மூலநிரலைப் படித்து மரமாக்கும் பார்சருடையது: அதில் எழுதியிருப்பதை எழுதியபடியே வைத்துக்கொள்வது. இன்னொன்று, டைப்கள் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் டைப் செக்கருடையது: எழுதியதன் பொருள். பத்து கவரில் ஒரே விலாசத்தை எழுதினாலும் வீடு ஒன்றுதானே, அந்த மாதிரி. ‘டெசிமல்’ என்று பத்து இடத்தில் எழுதினால் பார்சர் பத்து ஆப்ஜெக்ட் உருவாக்கும். செக்கரிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதனால் செக்கரின் டைப்பை பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, வைத்தே ஒப்பிடலாம், சரியான விடை கிடைக்கும். பார்சரின் டைப்பை அப்படி ஒப்பிட்டால் எப்போதுமே ‘வேறு வேறு’ என்றுதான் வரும்.

அந்த வரி ஒப்பிட்டது பார்சரின் டைப்பை. டைப் பெயரை எழுதாமல் விட உதவும் ‘ஆட்டோ’ போட்டிருந்ததால், எந்த நேம்ஸ்பேஸ், அதாவது எந்தப் பகுதியின் ‘டைப்’ என்பதே கண்ணில் படவில்லை. பாயின்டர் ஒப்பீடு என்பதால் சி++ கம்பைலருக்கும் புகார் இல்லை. மூன்று பேர் ரிவ்யூ செய்து தாண்டிய வரி. அந்த மூவரில் நானும் ஒருவன். விளைவு, தேவையே இல்லாத இடத்திலெல்லாம் எங்கள் கம்பைலர் டைப் மாற்றத்தைச் செருகிக்கொண்டிருந்தது. விடை தப்பாகவில்லை, விதிகள் மட்டும் மெதுவாக ஓடின. ‘டேட்டாபேஸ் ஸ்லோ’ என்று மாசக்கணக்கில் பழியை வேறு இடத்தில் போட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, மாற்றுவது என்று முடிவானதும் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். சி ஷார்ப் மொழியின் கம்பைலரான ரோஸ்லினில் கட்டத்துக்கு ஒரு ஒட்டு: பார்சர் தருவது ‘டைப்சின்டாக்ஸ்’, பொருள் பக்கம் ‘டைப்சிம்பல்’, இடையில் சரிபார்த்த மரத்துக்கு ‘பவுண்ட்’ என்ற முன்னொட்டு. ஸ்விஃப்ட்டில் எழுதியது ‘டைப்ரெப்ர்’, பொருள் வெறும் ‘டைப்’. ரஸ்ட்டில் வேறு மாதிரி. ஏஎஸ்டி (பார்சர் தரும் மரம்), ஹெச்ஐஆர் (அதை எளிமையாக்கிய அடுத்த வடிவம்), டைப் செக்கர் மூன்றிலுமே பெயர் ‘டை’தான். முன்னால் வரும் மாட்யூல் பெயரை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய வழிகாட்டியிலேயே ஹெச்ஐஆர் ‘டை’க்கும் செக்கர் ‘டை’க்கும் என்ன வித்தியாசம் என்று தனியாக விளக்கியிருக்கிறார்கள். விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது என்பதே எனக்குப் போதுமான எச்சரிக்கை. நாங்கள் ரோஸ்லின் பக்கம் சாய்ந்தோம். பார்சரின் டைப் ‘டைப்சின்டாக்ஸ்’ ஆனது. கோவைகளுக்கெல்லாம் ‘எக்ஸ்பர்’, வாக்கியங்களுக்கெல்லாம் ‘எஸ்டிஎம்டி’ என்று ஒரே வால். ‘எக்ஸ்பரா, எக்ஸ்பிரஷனா’ என்று ஒரு முழு மதியம் பேசினோம். அதில் ஒரு நிமிஷம்கூட இங்கே சொல்லத் தகுந்ததல்ல.

மாற்ற வேண்டியவை 41 பெயர்கள். சி++ எழுத உதவும் கிளாங்டி என்ற கருவியின் ரீநேம் வசதி பாதி வேலையை அரை நாளில் முடித்துவிட்டது. மீதிப் பாதியில்தான் முழி பிதுங்கியது.

பழைய பெயரை உடனே எடுத்தால் மற்றவர்களின் பிராஞ்ச்கள் எல்லாம் உடையும். அதனால் பழைய பெயரைப் புதியதற்கு ஒரு மாற்றுப்பெயராக வைத்து, ‘டெப்ரிகேட்டட்’ என்று முத்திரை குத்திவிடலாம் என்பது திட்டம். முதல் பில்டிலேயே விழுந்தது. எங்கள் ஹெட்டர்கள் பலவற்றில் ‘கிளாஸ் கால்எக்ஸ்ப்;’ என்று, இப்படி ஒரு வகுப்பு உண்டு எனும் முன்னறிவிப்பு மட்டும் இருந்தது. அதே பெயர் இப்போது ஒரு மாற்றுப்பெயர். சி++ இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளாது, முரண்பாடு என்று நின்றுவிடும். கடைசியில் முன்னறிவிப்புகளையும் மாற்றுப்பெயர்களையும் ஒரே ஹெட்டரில் குவித்து, மற்ற எல்லோரும் அதை இன்க்ளூட் செய்யும்படி மாற்றினேன். இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

அடுத்தது விசிட்டர். மரத்தைச் சுற்றிவரும் வகுப்புக்கு எங்களிடம் விர்ச்சுவல் (எந்த ஃபங்ஷன் என்று ஓடும்போது தேர்வது) கிடையாது, கம்பைல் செய்யும்போதே முடிவாகும் டெம்ப்ளேட் வழிதான். ‘விசிட்’ என்பதோடு நோடின் பெயரை மேக்ரோ ஒட்டி ஃபங்ஷன் பெயரை உருவாக்கும். ஒட்டி உருவான பெயர் ரீநேம் கருவிக்குத் தெரியாது. இதில் பெரிய ஆபத்து, அடிப்படை வகுப்பில் ஒவ்வொரு நோடுக்கும் ஒன்றுமே செய்யாத ஒரு ஃபங்ஷன் இருப்பது. ஒரு விசிட்டரில் பழைய பெயர் தப்பித் தங்கிவிட்டால், பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த ஃபங்ஷனை யாரும் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். விர்ச்சுவலாக இருந்திருந்தால் ‘ஓவர்ரைடு’ என்ற ஒரு சொல் பிழை காட்டிக் காப்பாற்றியிருக்கும். நான் கிரெப் போட்டு ஒவ்வொன்றாகத் தேடினேன்.

அதன்பிறகும் நம்பிக்கை வரவில்லை. பெயரை மட்டும் மாற்றினால் எந்திரக் குறிமுறை மாறக் கூடாதே என்று தோன்றியது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டீபக் தகவல் இல்லாமல், நிரலுக்குள் இருக்கும் அசெர்ட் சோதனைகளை அணைத்துவிட்டு, ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தேன். ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பிரித்து, சிம்பல் பெயர்களை நீக்கிவிட்டு ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். டெஸ்ட்கள் எல்லாம் ஏற்கெனவே பச்சை. இதுவும் சும்மா ஒரு மன நிம்மதிக்குத்தான் என்று நினைத்து ஓட்டினேன்.

பதினொரு கோப்புகள் வேறுபட்டன.

ஒன்றைத் திறந்தால், ஒரு ஒப்பீட்டுக் கட்டளையில் 33 இருந்த இடத்தில் 32. மற்றவற்றிலும் இதே மாதிரி எண்கள்தான் நகர்ந்திருந்தன. எங்கள் நோடுகளின் பட்டியல் ஒரு கோப்பில் வரிசையாக இருக்கிறது. ஒரு நோடு கோவையா இல்லையா என்பதை, அதன் எண் ‘முதல் கோவை’க்கும் ‘கடைசிக் கோவை’க்கும் நடுவில் விழுகிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிப்போம். எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் பாணி. கடைசிக் கோவை என்று குறித்திருந்தது ‘யூனரிஎக்ஸ்பர்’. பெயர் மாற்றிய கையோடு, பட்டியல் அழகாக இருக்கட்டுமே என்று கோவைகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருந்தேன். ‘ரெக்கார்ட்அப்டேட்’ என்பது புதிய பெயரில் ‘வித்எக்ஸ்பர்’. யூ-வுக்குப் பிறகுதானே டபிள்யூ? அது எல்லைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. கோவையாகப் பிறந்த ஒன்று கோவையே இல்லை என்றாகிவிட்டது. மாறிலிகளை முன்கூட்டியே கணக்கிடும் கட்டம் அதைத் தொடாமல் விட்டது. விடை சரியாகத்தான் வரும், விடையை மட்டும் பார்க்கும் எங்கள் டெஸ்ட்களுக்கு எதுவும் தெரியவில்லை. மெதுவாக ஓடும், அவ்வளவுதான். அதாவது, எந்தப் பிழையால் இந்த வேலையையே ஆரம்பித்தேனோ, அதே ரகத்தில் புதிதாக ஒன்றைச் செய்துவைத்திருந்தேன்.

அடுக்கியதைப் பழையபடி வைத்தேன். பதினொன்றும் பூஜ்யமானது. ‘ரிட்டர்ன்’ முதல் ‘டைப்’ வரை ஒரு பெயருக்கு ஒரு கமிட், அதில் வேறு எதையும் தொடக் கூடாது என்று அப்போதுதான் பிரித்தேன். அந்தக் கமிட் எண்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் பிளேம் அவற்றைத் தாண்டிப் பார்க்கும்படி அமைத்தேன். கிட் 2.23இலிருந்து, அதாவது 2019 முதல், இந்த வசதி இருக்கிறது. இது இல்லாவிட்டால் பார்சரின் முக்கால்வாசி வரிகளுக்கு நான்தான் ஆசிரியர் என்று காட்டும். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

மெர்ஜ் ஆன மறுநாள் பக்கத்து டீமிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் மரத்தை டெக்ஸ்டாகக் கொட்டும் ஆப்ஷன் ஒன்று உண்டு, டீபக் செய்வதற்காக. அதிலிருந்து ‘கால்எக்ஸ்ப்’ என்று தேடியெடுத்து அவர் ஒரு ரிப்போர்ட் தயாரித்துவந்திருக்கிறார், நான்கு வருடமாக. எங்களுக்குத் தெரியவே தெரியாது. பைத்தானில் ‘நம்’, ‘ஸ்ட்ர்’ என்ற ஏஎஸ்டி வகுப்புகளை 3.8இலேயே, 2019இல், கைவிடுவதாக அறிவித்துவிட்டு, 2025இல் 3.14இல்தான் எடுத்தார்கள். ஏன் அவ்வளவு இழுக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் சலித்துக்கொண்டவன் நான். அவருடைய ஸ்கிரிப்ட்டை நானே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன்.

41இல் 40 முடிந்தது. மிச்சம் இருப்பது ‘பாரம்’, பாராமீட்டர் என்பதன் சுருக்கம். ஃபங்ஷனை அறிவிக்கும் இடத்திலும் அதே பெயர், கூப்பிடும் இடத்திலும் அதே பெயர். கூப்பிடும் இடத்தில் அது ‘ஆர்கியுமென்ட்’ ஆக வேண்டும் என்பது என் கட்சி. இயல்பு மதிப்புகளை நிரப்பும் கட்டத்தில் இரண்டும் ஒரே பட்டியலில் கலந்துதான் இருக்கின்றன, அங்கே என்ன பெயர் வைப்பாய் என்று கேட்கிறாள், அன்று ‘எந்த டைப்’ என்று கேட்ட அதே பெண். இன்னும் பதில் கிடைக்கவில்லை. டிக்கெட் திறந்தேதான் இருக்கிறது.