'ஃபேட் லிப்' கவர்: வால் சொல்லில் ஒட்டிய 'உ' ஒருவழியாக ஒழிந்தது

சம் 41 பேண்டின் 'ஃபேட் லிப்' பாட்டை எங்கள் குரலில் பாடிப் பதிகிறோம். அதில் மூன்று வாரம் இழுத்த சிக்கல் நேற்று ராத்திரி தீர்ந்தது. ராப் வரிகளின் கடைசிச் சொல்லை (வால் சொல்) மூன்று குரலும் சேர்ந்து கத்துகிற இடம் இப்போது ஒரே குத்தாக விழுகிறது. இதுவரை முதல் சரணம் முழுசாக, பல்லவி கிட்டார் முழுசாக, இரண்டாம் சரணம் பாதி. நடுவில் பாட்டு அடங்கி வரும் பகுதியில் இன்னும் கை வைக்கவில்லை.

சம் 41 எல்லோருக்கும் தெரிந்த பேண்ட்தான். டொராண்டோவுக்குக் கிழக்கே இருக்கும் ஏஜாக்ஸ் ஊர்ப் பையன்கள் (இன்றைக்கு அந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய). 2001-ல் வந்த இந்தப் பாட்டுதான் அவர்களை வெளியுலகுக்குக் கொண்டுபோனது. அந்த ஆகஸ்டில் பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம். ஆல்பம் 'ஆல் கில்லர் நோ ஃபில்லர்', தயாரிப்பு ஜெர்ரி ஃபின். பிளிங்க்-182-க்கு 1999-ல் 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' செய்து கொடுத்த அதே ஆள்.

கவர் போடுகிறவர்கள் பலர் சறுக்கும் இடம் இந்தக் காலகட்டத்தில்தான் இருக்கிறது. 2001 என்றதும் லிம்ப் பிஸ்கிட், லிங்கின் பார்க் மாதிரி கனமான பேண்டுகளின் ஞாபகத்தில் கம்பியின் சுருதியைக் கீழே இறக்கி, கெயினை (கிட்டாரின் கரகரப்பை) ஏற்றி, ராப்பை ஒற்றை ஆளாக உறுமிவிடுகிறார்கள். அந்த எடை இந்தப் பாட்டுக்கு ஒத்து வராது. இதில் ராப் வருவது பீஸ்டி பாய்ஸ் என்ற மூவர் ராப் குழுவின் வழியில். டெரிக் விப்லி, டேவ் பாக்ஷ், டிரம்மர் ஸ்டீவ் ஜோக்ஸ் என்று மூன்று பேர் வரிகளைப் பந்து மாதிரிக் கைமாற்றுகிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடிக்க வேண்டும், முக்கியமான சொல்லில் எல்லோரும் சேர வேண்டும். கிட்டார் சுமாராக இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். கைமாற்றம் சறுக்கினால் பாட்டே இல்லை.

டெம்போ நிமிஷத்துக்குச் சுமார் 98 பீட். சாஃப்ட்வேர் தானாகக் கண்டுபிடிக்க விட்டால் 196 என்று காட்டும், பாதியாக்கிக்கொள்ளுங்கள். 98-ல் ஒரு பீட் 612 மில்லிசெகண்ட், அதில் கால் பங்கு 153. இந்த 153-ஐ மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் புரியும்.

முதல் தலைவலி உச்சரிப்பில் இல்லை, இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டி). பதிவு செய்த குரல் எல்லாமே டிரம்முக்கு ஒரே அளவு பின்தங்கி நின்றது. ஆள் தாளம் தப்பினால் பிசகு இடத்துக்கு இடம் மாறும். எல்லா டேக்கிலும் (ஒவ்வொரு தடவை பதிந்ததிலும்) ஒரே அளவு தள்ளியிருந்தால் அது கருவியின் வேலை. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் செருகி, கிளிக் சத்தத்தை ஓடவிட்டுப் பதிவு செய்து, இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் எத்தனை சாம்பிள் வித்தியாசம் என்று தெரியும். ரீப்பர் என்ற பதிவு சாஃப்ட்வேரில் ரெக்கார்டிங் செட்டிங்கில் மானுவல் ஆஃப்செட் என்று ஒரு கட்டம் உண்டு, அந்த எண்ணை அங்கே போட வேண்டும். இங்கே வந்தது 412 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் அது எட்டரை மில்லிசெகண்ட். சின்னதுதான். ஆனால் மூன்று குரலில் ஒன்றை வேறு பஃபர் அளவில் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் வாங்குகிறது என்பது) பதிந்திருந்தால், அந்த ஒன்று மட்டும் தனியாக நழுவும். ஆரம்பத்தில் நடந்ததும் அதுதான். பஃபரை 128-ல் நிறுத்தி, ஒரு பாட்டு முடியும்வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி வால் சொல்.

முதல் முயற்சியில் சரணம் முழுவதையும் மூன்று தடவை பதிந்து அடுக்கியாயிற்று. கேட்டால் ராப் மாதிரியே இல்லை, பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி இருந்தது. ராப்பில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம்தான் தாளம். மூன்று குரல் அடுக்கினால் அந்த வெற்றிடம் நிரம்பிவிடும். ஆகவே வரி ஒற்றைக் குரலில்தான், ரிவெர்ப் (அறை எதிரொலி) இல்லாமல், காய்ந்த குரலாக இருக்க வேண்டும். பக்கக் குரல்கள் கடைசி ஒரு சொல்லுக்கு, அல்லது இரண்டு சொல்லுக்கு மட்டும்.

அப்படிச் செய்தும் வால் குழம்பியது. ஸ்னேர் டிரம் அடி மேல் 'டப்' என்று விழ வேண்டிய சொல் 'டப்பு... பு' என்று இழுத்தது. டிலே எஃபெக்ட் எங்காவது ஆனில் இருக்கிறதா என்று ஒவ்வொரு டிராக்காகத் தேடியும் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒவ்வொரு குரலையும் தனியாகப் போட்டு, அலைவடிவத்தைத் திரை அகலத்துக்குப் பெரிதாக்கியபோதுதான் கண்ணில் பட்டது. சொல் முடிந்த பிறகு ஒரு குட்டி மேடு. நம் குற்றியலுகரம், அதாவது சொல் கடைசியில் குறுகி ஒலிக்கும் 'உ'!

தமிழில் வல்லின மெய்யோடு சொல்லை முடிக்கும் பழக்கம் நாக்குக்குக் கிடையாது. லைட் 'லைட்டு' ஆகும், பஸ் 'பஸ்ஸு' ஆகும். இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர்கள் நிதானமாகப் பேசும்போது அந்த உகரம் வெளியே தெரியாது. கத்தும்போது ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் கத்துகிற மூச்சு எங்காவது வெளியேற வேண்டும். இலக்கணத்தில் அதற்கு அரை மாத்திரை. அளந்து பார்த்ததில் ஒரு குரலில் 40 மில்லிசெகண்ட், இன்னொன்றில் 65, மூன்றாவதில் 90. ஒற்றைக் குரலில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. மூன்று வெவ்வேறு நீளத்தில் அடுக்கினால் எதிரொலி மாதிரி ஆகிவிடும். மொத்தமே 153 இருக்கும் இடத்தில் 90 போனால், அடுத்த வரியைப் பிடிக்க வருகிறவருக்கு மூச்சு விடும் இடமே இல்லை.

கேட் (ஒரு அளவுக்குக் கீழே தணிந்த சத்தத்தை அடைக்கும் எஃபெக்ட்) போட்டுத் தீர்க்கப் பார்ப்பது வீண். கத்திச் சொன்ன உகரம் சொல்லைவிட ரொம்பத் தணிந்திருப்பதில்லை. அதை வெட்டும் அளவுக்குக் கேட்டை ஏற்றினால் அடுத்த வரியின் மெல்லிய தொடக்கமும் சேர்ந்து போகும்.

வேலை செய்தது இரண்டு வழி, இரண்டும் சேர்ந்து. ஒன்று வாயில். பக்கக் குரல் கொடுப்பவர் கடைசி மெய்யில் வாயை மூடி அப்படியே நிற்க வேண்டும். 'ப்' என்றால் உதடு ஒட்டியபடி, 'ட்' என்றால் நாக்கு மேலே ஒட்டியபடி, அடுத்த பீட் வரும்வரை எடுக்கக் கூடாது. வெடிப்பை வெளியே விடும் உரிமை முதன்மைக் குரலுக்கு மட்டும். இதைப் பழக, கிளிக்கை 98-ல் ஓடவிட்டு, வரியை மனதுக்குள் ஓட்டி, வால் சொல்லை மட்டும் கத்திப் பழகினால் போதும். பத்து நிமிஷத்தில் பிடிபடும். அதற்கு மேல் பழகினால் தொண்டை கட்டும்.

இரண்டாவது எடிட்டில். பக்கக் குரல் கிளிப்பை, கடைசி மெய் வெடிப்பதற்கு 5 மில்லிசெகண்ட் முன்னால் வெட்டி, 8 முதல் 10 மில்லிசெகண்டில் சத்தம் மெல்லத் தேய்ந்து முடிய விட வேண்டும். 'ஸ்' சத்தத்தில் முடியும் சொல் என்றால் பக்கக் குரல்களிலிருந்து அதை மொத்தமாக எடுத்துவிடலாம். கேட்பவர் காது முதன்மைக் குரலின் 'ஸ்' ஒன்றை வைத்தே மூன்றுக்கும் கணக்குப் பண்ணிக்கொள்ளும். தொடக்கத்தையும் பார்க்க வேண்டும். மூன்று குரலின் முதல் மெய்யும் 10 மில்லிசெகண்டுக்குள் சேர்ந்து விழுந்தால் குத்து, 30-ஐத் தாண்டினால் கூட்டம்.

'ட' பற்றி ஒரு வார்த்தை. இங்கிலீஷ் 'டீ' எழுத்தின் ஒலி நாக்கு நுனி மேல் ஈறில் பட்டு, மூச்சோடு தெறிப்பது. நம் 'ட்' நாக்கை உள்ளே மடித்து வருவது, தெறிப்பு மந்தமாக இருக்கும். ஒருவர் அப்படியும் ஒருவர் இப்படியும் சொன்னால் எத்தனை எடிட் செய்தாலும் ஒட்டாது. எது வேண்டும் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மடித்த 'ட்' கேவலமில்லை, மூவரும் மடித்தால் அதற்கென்று ஒரு அழகு வருகிறது.

மைக் சாதாரண எஸ்எம்58. முதன்மைக் குரலுக்கு நான்கு விரல் தூரம், பக்கக் குரல்களுக்கு ஒன்றரை அடி. தள்ளி நின்றால் அடிக்கனம் குறைந்து தானாகவே பின்னால் உட்காரும். பக்கக் குரல்களில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, இடமும் வலமும் 60 சதவீதம் தள்ளி, முதன்மைக் குரலைவிட 6 முதல் 8 டெசிபல் குறைத்து வைத்திருக்கிறது. முதன்மைக் குரலுக்கு 1176 வகை கம்ப்ரஸர் (உரத்த சத்தத்தை அமுக்கும் கருவி), விகிதம் 4:1, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் வேகம்) 3, ரிலீஸ் (விடும் வேகம்) 7, ஊசி 5 முதல் 7 டெசிபல் இறங்கும்வரை. அந்தக் கருவியில் எண் கூடினால் வேகம் கூடும், மற்ற கம்ப்ரஸர்களுக்குத் தலைகீழ். இதை மறந்து அட்டாக்கை 7-ல் வைத்தால் எல்லா மெய்யெழுத்தும் மழுங்கிவிடும்.

மூன்று பேர் கிடைக்காமல் ஒருவரே மூன்றையும் பதிந்தால் கோரஸ் எஃபெக்ட் போட்ட மாதிரி இருக்கும். ஒரு டேக் மூக்கால், ஒரு டேக் அடித்தொண்டையால் என்று மாற்றிப் பார்க்கலாம். பாதிதான் தேறும். நிஜமாகவே மூன்று ஆள் பிடியுங்கள், பாடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடது ஒரு டேக், வலது வேறொரு டேக், காப்பி கிடையாது. கெயினைக் காதுக்குப் பிடித்த அளவு வைத்து, பிறகு கால் பங்கு குறைக்க வேண்டும், இரண்டு டேக் சேரும்போது அந்தக் கால் பங்கு திரும்பி வந்துவிடும். பாம் மியூட் (உள்ளங்கையைக் கம்பியில் வைத்து அமுக்கி) அடிக்கும்போது 150 முதல் 200 ஹெர்ட்ஸ் வீங்கும், மல்டிபேண்ட் கம்ப்ரஸரில் அங்கே மட்டும் 3 டெசிபல் அமுக்கினால் சரியாகும். சரணத்தில் 2.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கிட்டாரை 2 டெசிபல் தணித்து, பல்லவி வந்ததும் விட்டுவிடுகிறோம். குரலின் மெய்யெழுத்துகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் குடியிருக்கின்றன. பேஸை பிக்கால்தான் அடிக்க வேண்டும், விரலால் அடித்தால் இந்தப் பாட்டில் காணாமல் போகும்.

கிட்டார் கம்பி வாங்குகிறவர்களுக்கு: டி'அடாரியோ கம்பெனி பெயரில் போலிகள் எக்கச்சக்கம். ஒரு இணையக் கடையிலிருந்து வந்த 10–46 செட் இரண்டே நாளில் கருத்து, ட்யூனிங்கும் நிற்கவில்லை. அசலில் கம்பி நுனியில் இருக்கும் உருண்டைகளுக்கு நிறம் உண்டு. மெல்லிய கம்பியிலிருந்து வரிசையாக வெள்ளி, ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, பித்தளை. போலிகளிலும் நிறம் போடுகிறார்கள், ஆனால் பூச்சு நகத்தால் சுரண்டினாலே வருகிறது. உள் கவரில் இருக்கும் குறியீட்டைக் கம்பெனியின் தளத்தில் பதிந்து பார்ப்பதுதான் நம்பகமானது. விலை பாதியாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

இதை முடிப்பதற்குள் அடுத்ததில் மனசு போய்விட்டது. அதே ஆல்பத்தின் கடைசியில் 'பெயின் ஃபார் பிளெஷர்' என்று ஒரு குட்டிப் பாட்டு, டிரம்மர் ஜோக்ஸ் பாடியது, முழுக்க முழுக்க ஐயர்ன் மெய்டன் பாணி. 'ஃபேட் லிப்' இரண்டாம் சரணத்திலேயே மெய்டனையும் ஜூடாஸ் ப்ரீஸ்டையும் கும்பிட்டுவிடுகிறார்கள், வீடியோவின் கடைசியிலும் மெட்டல் வேஷத்தில் வந்து நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் கவர் நிறைவாக இருக்கும். அதற்கு இரட்டைக் கிட்டார் பழக வேண்டும், மூன்றாம் ஸ்வர இடைவெளியில். இதில் வைப்ரேட்டோதான் (ஸ்வரத்தை லேசாக ஆட்டுவது) காலை வாரும். இரண்டு கிட்டாரும் ஒரே வேகத்தில் ஆடாவிட்டால் சுருதி சேர்ந்திருந்தாலும் சேராத மாதிரி கேட்கும். முதலில் வைப்ரேட்டோவே இல்லாமல் இரண்டையும் பதிந்து பார்க்க உத்தேசம்.

அதற்கு முன்னால் இரண்டாம் சரணத்தில் இன்னும் எட்டு வால் சொற்கள் வெட்ட வேண்டியிருக்கிறது. நடுவில் பாட்டு அடங்கும் பகுதிக்கு ஒற்றைக் குரலை நெருக்கமாக, மைக்குக்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்து, கம்ப்ரஸரை 3 டெசிபலோடு நிறுத்திப் பதிவதாகத் திட்டம். அங்கே 'ப' சத்தம் மைக்கில் ஊதும். பாப் ஃபில்டர் மட்டும் பத்தாது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் பதினைந்து டிகிரி பக்கவாட்டில் திருப்பிவைத்து சனிக்கிழமை முதல் டேக்.