புல்தரையில் திட்டு விழுந்தால், மருந்துக்கு முன்னால் மண்வெட்டி

வீட்டு முன்னால் போட்ட கொரியன் புல் அங்கங்கே காய ஆரம்பித்தால் எல்லோரும் கேட்பது ‘என்ன மருந்து போடலாம்?’ என்றுதான். தயவுசெய்து முதலில் தோண்டிப் பாருங்கள்.

காய்ந்த இடத்தின் நடுவில் அல்ல, பச்சையும் மஞ்சளும் சேருகிற ஓரத்தில் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுங்கள். வேர்ப்பிடிப்பே இல்லாமல் பாயைச் சுருட்டுகிற மாதிரி கையோடு வந்தால் அடியில் பெரும்பாலும் வெள்ளை வேர்ப்புழுதான். இரண்டு மூன்று அங்குலம் கிளறினாலே கிடைக்கும்: பழுப்புத் தலை, முன்பக்கம் மூன்று ஜோடிக் கால், தின்ற மண் தோலுக்குள் கறுப்பாகத் தெரிகிற பின்பக்கம், தொட்டால் இன்னும் இறுக்கமாகச் சுருண்டுகொள்ளும். காக்கையும் மைனாவும் ஒரே இடத்தை விடாமல் கொத்துவதும் இதற்குத்தான்.

இழுத்தும் புல் அசையவில்லையா, புழுவை மறந்துவிடுங்கள். மாமர நிழலாக இருக்கலாம், நாள் முழுக்க மிதிபட்டு மண் இறுகியிருக்கலாம், புது வீடு என்றால் அடியில் ஜல்லியும் சிமென்ட் கட்டியும் புதைந்திருக்கலாம். சின்னச் சின்ன உருண்டையாக ஈர மண் குவிந்திருந்தால் அது மண்புழு எச்சம். அதைப் பூச்சி என்று நினைத்து விஷம் போடுகிறார்கள், மண்ணைப் பொலபொலப்பாக்குகிற உயிரை நாமே கொல்கிறோம், எனக்கு அது தாங்கவே முடிவதில்லை.

சரி, புழுதான் என்று உறுதியாகிவிட்டது. இன்னமும் சிலர் ஃபோரேட் என்கிற பூச்சிக்கொல்லிக் குருணை தேடி அலைகிறார்கள். 2018-இல் வந்த மத்திய அரசு ஆணைப்படி, 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியாவில் அதை விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. தோல் வழியாகவே உடம்பில் ஏறுகிற விஷம் அது. குழந்தை உருண்டு விளையாடுகிற, நாய் படுத்துக் கிடக்கிற தரையில் எவ்வளவு பழைய ஸ்டாக் கிடைத்தாலும் வேண்டாம்.

தோண்டும்போது அகப்படுகிறதைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், சின்ன இடத்துக்கு இதுவே பாதி வேலை. அப்புறம் மெட்டாரைசியம் என்கிற பூஞ்சையை நன்றாக மக்கிய தொழுவுரத்தில் கலந்து, சாயங்காலம், மண் ஈரமாக இருக்கும்போது தூவித் தண்ணீர் விடுங்கள். வெயிலில் போட்டால் பூஞ்சை செத்துப்போகும், கூடவே பூஞ்சைக்கொல்லி அடித்தாலும் வீண்தான். மறுநாளே பலன் தெரியாது, வாரக்கணக்கில் ஆகும். பூஞ்சை பிடித்துச் செத்த புழு முதலில் வெள்ளையாகப் பூத்து, பிறகு பச்சையாக மாறும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள், அந்தப் பச்சைப் பொடிதான் அடுத்த புழுவுக்குப் போய்ச் சேர வேண்டிய விதை. இந்தப் புழுதான் வளர்ந்து வண்டாகிறது, அந்த வண்டுகளையும் கவனியுங்கள். கோடை மழை பெய்ததும் இருட்டுகிற நேரத்தில் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரத்துக்கு இலை தின்னப் போகும், கிளையை உலுக்கிப் பிடித்தால் முட்டை போடுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும்.

இப்போது திட்டை மூடுவது. செத்த புல்லைச் சுரண்டி எடுத்து, ஒரு கைச்சாண் ஆழம் கொத்தி, மணலும் மண்புழு உரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து சமப்படுத்துங்கள். புதுப் புல் ஷீட் வாங்க வேண்டியதில்லை, அடர்த்தியாக இருக்கிற மூலையிலிருந்து வேரோடு சின்னச் சின்னத் துண்டாக எடுத்து நாலு விரல் இடைவெளியில் ஊன்றி மிதித்துவிடுங்கள். கோரைக்கிழங்கு தெரிந்தால் ஊன்றுவதற்கு முன்பே கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும், புல் மூடிய பிறகு அதைப் பிரிக்க முடியாது. கொரியன் புல் மெதுவாகத்தான் படரும். அதுவரை தினமும் லேசான ஈரம் போதும், குட்டை மாதிரி தேங்க விடாதீர்கள். ஊன்றியது வேர் பிடித்து, இழுத்தால் வராத அளவுக்கு இறுகிய பிறகுதான் முதல் வெட்டு, அதுவும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.