ஏடிஏ/100-இல் அந்த நூறு என்ன?

பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கிலிருந்து (அகலப் பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை) படங்களை எடுத்துக் கொடுக்கும் வேலை எங்கள் சர்வீஸ் கடைக்கு இன்னும் வருகிறது. கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள். அண்மையில் ஒருவர் 40 ஜிபி டிஸ்க்கோடு வந்தார். லேபிளில் ஏடிஏ/100 (ஏடிஏ என்பது ஐடிஇ-யின் இன்னொரு பெயர்) என்று இருந்ததைப் பார்த்து அவரே கணக்குப் போட்டுவிட்டார். "செகண்டுக்கு 100 எம்பின்னா 400 செகண்ட். ஏழு நிமிஷம்தானே தம்பி? டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

வகுத்தலில் தப்பே இல்லை. இருந்தாலும், "சாயங்காலமா வாங்கண்ணே" என்றுதான் சொன்னேன்.

அந்த நூறு எப்படி வந்தது என்று பார்ப்போம். ஐடிஇ கேபிளில் ஒரே சமயத்தில் 16 பிட், அதாவது 2 பைட் போகும். ப்ராசஸர் கைமாற்றாமல் தரவை நேரே நினைவகத்துக்கு அனுப்பும் அல்ட்ரா டிஎம்ஏ முறையில் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை தரவு கைமாறுவதால் 4 பைட். அதன் வேகப்படிகளில் ஒன்றான மோடு 5-இல் ஒரு சுற்றுக்கு 40 நானோ செகண்ட் (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). வகுத்துப் பாருங்கள், செகண்டுக்கு 10 கோடி பைட், அதாவது 100 மெகாபைட். சுற்று 120 நானோ செகண்டாக இருந்தால் 33, 60 என்றால் 66, 30 என்றால் 133. ஏடிஏ பெயர்களுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். இங்கே மெகா என்றால் சுத்தமான பத்து லட்சம். விண்டோஸ் 1024 கணக்கில் காட்டுவதால் இதே வேகம் அங்கே 95.4 என்று தெரியும்.

ஆனால் இது கேபிளின் வேகம். அதுவும் சரியான கேபிள் இருந்தால்தான். 33-க்கு மேல் போக 80 கம்பி கேபிள் வேண்டும். பின் என்னவோ அதே 40தான். கூடுதலான 40 கம்பிகளும் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நடுவே ஓடும் கிரவுண்ட். கையில் எடுத்தாலே தெரியும்: பட்டை அதே அகலம், கம்பிகள் மட்டும் நெருக்கமாக, மெல்லிசாக இருக்கும். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது). பழைய கேபிளைச் செருகினால் எந்த டிஸ்க்காக இருந்தாலும் 33-இல் நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஒரு படி மேலே போகும்: ஒரு டிஸ்க்கில் பிழைகள் சேர்ந்துகொண்டே போனால், சத்தமில்லாமல், ப்ராசஸரே தரவைக் கைமாற்றும் மெதுவான பிஐஓ மோடுக்கு இறக்கிவிடும். "சிஸ்டம் திடீர்னு ஆமை மாதிரி ஆயிடுச்சு" என்று யாராவது எக்ஸ்பி பெட்டியைக் கொண்டுவந்தால் நான் முதலில் திறப்பது டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனல் பக்கத்தைத்தான்.

சரி, ஸ்டூடியோக்காரரின் டிஸ்க்குக்கு வருவோம். அதை யூஎஸ்பி 2 அடாப்டரில்தான் மாட்டினேன். 480 மெகாபிட், எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். கையில் கிடைப்பது முப்பது சொச்சம். டிஸ்க்கின் தட்டே உள்வட்டத்துக்குப் போகப்போக வெளிவட்டத்தில் தந்த வேகத்தில் கிட்டத்தட்ட பாதியைத்தான் தரும். சராசரியாக 25 என்று வைத்தால் 1600 செகண்ட், அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் ஆரோக்கியமான டிஸ்க்குக்கு. இடையில் நாலு பேட் செக்டர் (டிஸ்க்கில் கெட்டுப்போன துண்டு) வந்தால் ஒவ்வொன்றிலும் நின்று திரும்பத் திரும்பப் படிக்கும். அதற்கு எந்த லேபிளிலும் எண் கிடையாது.

எல்லாவற்றையும் எட்டால் வகுக்கலாமா என்றால், அதுவும் கூடாது. ஐடிஇ-க்குப் பின் வந்த சாட்டா இணைப்பின் முதல் தலைமுறை 1.5 கிகாபிட். எட்டால் வகுத்தால் 187.5 வரும்; உண்மையில் 150தான். அங்கே ஒவ்வொரு 8 பிட்டும் கம்பியில் 10 பிட்டாகப் போகிறது, அதனால் பத்தால் வகுக்க வேண்டும். பழைய சர்வரிலிருந்து கழற்றிய அல்ட்ரா 320 ஸ்கஸி (சர்வர்களில் இருந்த இணைப்பு வகை) டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்தால் 1.5 கிகா பெரிதாகத் தெரியும். அந்த 320 மெகாபைட் என்பதால் சாட்டாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிட்டில் எழுதினால் எண் பெரிதாகத் தெரிகிறது என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்தது ஃபிளாப்பிதான். 1.44 எம்பி என்பது 1440 தடவை 1024 பைட். அதாவது ஒரு ஆயிரத்தையும் ஒரு 1024-ஐயும் பெருக்கிச் செய்த, வேறெங்கும் செல்லாத மெகாபைட். வேகம் 500 கிலோபிட், எட்டால் வகுத்தால் 62,500 பைட். ஆனால் நிமிடத்துக்கு 300 சுற்று, ஒரு சுற்றில் 18 செக்டர், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் செகண்டுக்கு 46,080தான். மீதி, செக்டர்களுக்கு இடையே உள்ள இடைவெளிக்கும் முகவரிக்கும் போய்விடுகிறது. ஒரு டிராக்குக்கு (தட்டில் உள்ள ஒரு வட்டம்) ஒரு சுற்று, 160 டிராக்குக்கு 32 செகண்ட், ஹெட் நகரும் நேரம் தனி. அதனால் ஃபிளாப்பி டப்பாவோடு வருபவர்களிடம் ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பூஞ்சை பிடித்ததற்கு மட்டும் அடுத்த வாரம்.