நடுத்தரம் எண்டால் எவ்வளவு?

யாழ்ப்பாணத்தில ஆரைக் கேட்டாலும் "நாங்கள் நடுத்தரம்" எண்டுதான் சொல்லுவினம். மாடிவீட்டுக்காரரும் அப்பிடித்தான், தகரக் கொட்டில்காரரும் அப்பிடித்தான்.

புள்ளிவிபரத் திணைக்களத்தின்ர 2019 கணக்கெடுப்பில நாட்டின்ர சராசரிக் குடும்ப வருமானம் மாதம் 76,414 ரூபாய். ஆனால் சரிபாதிக் குடும்பங்களுக்கு 53,333 கூட வரேல்ல. மேல இருக்கிற 20 வீதம் மொத்த வருமானத்தில பாதிக்கு மேல எடுத்தால் சராசரி வீங்காமல் என்ன செய்யும்? ஓஈசீடி (OECD, பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) நடுத்தரம் எண்டு கணக்குப் பார்க்கிறது குடும்பங்களைச் சரிபாதியாப் பிரிக்கிற அந்தக் கோட்டின்ர, இஞ்ச 53,333இன்ர, 75 வீதத்தில இருந்து இரண்டு மடங்கு வரை. அதை இஞ்ச போட்டால் அண்டைக்கு 40,000இல இருந்து ஒரு லட்சத்துச் சொச்சம். (2022 விலையேற்றத்துக்குப் பிறகு அந்தக் காசு எந்த மூலைக்குக் காணும் எண்டு திருநெல்வேலிச் சந்தையில கேளுங்கோ.)

எங்கட ஆக்களின்ர கணக்கு இன்னும் சிக்கல். கனடாவில இருந்து அண்ணன் அனுப்புறது மாதா மாதம் வாறேல்ல; கோயில் திருவிழாவுக்கு வரும், கலியாணத்துக்கு வரும், கிணறு இறைக்க மோட்டர் வாங்க வரும். அதை வருமானம் எண்டு ஆரும் வாய் திறந்து சொல்லுறேல்ல. மற்றப் பக்கம், ஆறு பரப்புக் காணியும் கல்வீடும் இருக்கிற வயசுபோன இரண்டு பேர், சின்ன ஓய்வூதியத்தில மருந்தும் வாங்கிச் சீவிக்கினம். அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக்காசுக்கு ஆக்களைத் தெரிய வீடு, சொத்து, கல்வி, சுகாதாரம் எண்டு 22 விசயம் பார்க்கினம். சம்பளத்தை மட்டும் பார்க்கிறதை விட அது பரவாயில்லை, எண்டாலும் இந்த இரண்டு பேரும் அதில எங்க நிப்பினமோ.

நாலு பேர் உள்ள வீடு, வாடகை இல்லை, ரியூசன் காசு உண்டு. இண்டைக்கு எவ்வளவு வந்தால் நடுத்தரம் எண்டுவியள்?