அம்மாவோடு குடியேற ஒரு மலை ஊர்

கொழும்பை விட்டு மலைக்கே போய்விடலாம் என்று வீட்டில் பேச்சு தொடங்கி நாளாகிவிட்டது. கணக்கு எழுதுவது என் தொழில். இணையம் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, முழங்கால் வலி, மாதம் தவறாமல் கிளினிக். அவர் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு அவருடைய அண்ணன்மார் தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போய்விட, இவர் இங்கேயே தங்கிவிட்டார். "திரும்பத் தோட்டத்துக்கு வேணாம்ப்பா. டவுனா இருக்கட்டும். ஆனா வாசல்ல நின்னா மலை தெரியணும்" என்றார். அவர் போட்ட நிபந்தனை அவ்வளவுதான்.

மலையில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இளவெயிலும் குளிருமாக அட்டன், தலவாக்கலைப் பக்கமெல்லாம் அப்போது சொர்க்கம்தான். குடியிருக்கப் போகிற ஊரை அதன் மோசமான மாதத்தில் பார்ப்பதுதான் சரி என்பது என் எண்ணம். அதனால் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஜூலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்து போயிருந்தது. பஸ்ஸையே நம்புவோம் என்று முடிவெடுத்தோம்.

அவிசாவளை, கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏறும்போதே கண்ணாடியில் தண்ணீர் வழியத் தொடங்கியது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும். கடலிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டுவது இந்தச் சரிவுகளில்தான். அட்டனில் இறங்கியபோது நண்பகல், ஆனால் கடைகளில் விளக்கு எரிந்தது.

அட்டனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனசு அங்கேதான் போனது. கடை, வங்கி, பஸ் நிலையம், எங்கே போனாலும் தமிழ். ஹைலண்ட்ஸ் கல்லூரி விடும் நேரத்தில் தெரு முழுக்க வெள்ளைச் சீருடை. டிக்கோயாவில் கிளங்கன் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய புதிய கட்டடத்தை 2017இல் மோடி வந்து திறந்து வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் என்றால் யோசிக்காமல் அட்டனுக்குப் போகச் சொல்வேன்.

எங்களுக்குப் பார்த்த வீடு பிரதான வீதிக்கு மேலே, படி ஏறிப் போகிற இடத்தில். வீட்டுக்காரி வாசலில் நின்று குடையை வாங்கிக்கொண்டார். உள்ளே புதுச் சுண்ணாம்பு, பளிச்சென்று இருந்தது. படுக்கை அறையில் ஒரு வாடை. "அக்கா, இந்த அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். நகர்த்தியதும் தரையிலிருந்து இடுப்புயரத்துக்குச் சுவர் கறுத்துப் போயிருந்தது. விரலால் தொட்டால் பூஞ்சணம் மாவாக உதிர்ந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. "மே மாசம் தொடங்கினா இப்பிடித்தான் தம்பி. உடுப்புக் காய அடுப்புக்கு மேல கயிறு கட்டியிருக்கேன், வந்து பாருங்க" என்று சமையலறைக்கே கூட்டிப் போனார். இப்படி உள்ளதை உள்ளபடி சொல்கிற வீட்டுக்காரர் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அம்மா அதற்குள் இரண்டு தடவை இருமிவிட்டார். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

அட்டனில் சமதரை வீடு கிடைப்பது கஷ்டம். டவுனைச் சுற்றித் தேயிலை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. பெருந்தோட்ட நிலங்களில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம், 1992இலிருந்து கம்பனிகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. அதனால் டவுன் பக்கவாட்டில் பரவ வழியில்லை. இருக்கிற கொஞ்சக் காணியில் வீடுகள் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக ஏறுகின்றன. பத்து பேர்ச் காணி கேட்டால் சிரிக்கிறார்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வேறு. மலையேற நல்லதண்ணிக்குப் போகிற கூட்டம் ராப்பகலாகப் பெரும்பாலும் இந்த டவுன் வழியாகத்தான் போகும்.

கொட்டகலை, தலவாக்கலை என்று நகர்ந்தோம். தலவாக்கலை அம்மாவுக்குப் பிடித்தது. மேல் கொத்மலை அணை 2012இல் வந்த பிறகு டவுனுக்குக் கீழே தண்ணீர் விரிந்து கிடக்கிறது. கடைத்தெருவில் எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக்குக் கட்டச் சம்பல் வைத்தவர், அம்மாவின் பேச்சைக் கேட்டே "மஸ்கெலியாவா?" என்று விசாரித்தார். இளம் வயதில் நான் தனியாக வந்திருந்தால் இங்கேயே இருந்திருப்பேன். உடம்புக்குப் பெரிய வருத்தம் என்றால் நுவரெலியாவுக்கோ கிளங்கனுக்கோ ஓட வேண்டும், அந்தப் பாதை மழையில் மண் சரிந்து மூடிக்கொள்ளும் பாதை. சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

நுவரெலியாவில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. 1,868 மீற்றர் உயரக் குளிர் முழங்காலுக்கு ஆகாது. ஏப்ரல் சீசனில் அறை வாடகை ஏறுகிற ஊரில் மாத வாடகையும் தன் போக்கில் ஏறும்.

அங்கிருந்து வெலிமடை பஸ். இந்தப் பாதையை யாராவது ஒருமுறை ஜூலையில் போய்ப் பாருங்கள். சீதாஎலிய கோயில், ஹக்கல தாண்டும் வரை மழை. மலையை வளைத்து இறங்கத் தொடங்கியதும் மேகம் பின்னால் நின்றுவிடுகிறது, முன்னால் வெயில். தென்மேற்கு மேகம் மேற்குச் சரிவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் காற்றாகக் கிழக்கே ஊவாப் பக்கம் இறங்குகிறது. அதைத்தான் கச்சான் என்கிறார்கள். அந்த வறண்ட காற்றில்தான் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது. அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பசுமை மங்கி, புல் பத்தனைகளும் உருளைக்கிழங்குப் பாத்திகளும் மாறி மாறி வந்தன. பண்டாரவளையில் இறங்கும் வரைக்கும் அவர் இருமவில்லை.

அப்புத்தளையையும் பார்த்தோம். மலையின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிற ஊர், இரண்டு பக்கமும் பள்ளம். அழகென்றால் அழகு, காற்றென்றால் அப்படியொரு காற்று. ஆனால் அங்கிருந்து பெரகலைக்கு இறங்கி கொஸ்லந்தைப் பக்கம் திரும்பினால் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடிய இடம். அம்மாவின் தூரத்துச் சொந்தம் அந்தப் பக்கத் தோட்டத்தில் இருந்தார்கள். தப்பியவர்கள்தான், ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். அப்புத்தளையில் வீடு கேட்கவே இல்லை. எல்லவையும் கேட்கவில்லை. அங்கே அறைகளெல்லாம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு என்று ஆகிவிட்டன.

பண்டாரவளை மாநகர சபை உள்ள ஊர், சுமார் 1,200 மீற்றர் உயரம். மேடுபள்ளம் இருக்கிறது, ஆனால் மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய தெருக்களும் இருக்கின்றன. தியத்தலாவை ஆதார வைத்தியசாலை பக்கம், பதுளைப் பெரியாஸ்பத்திரி ஒரு பஸ். எனக்கு இருந்த பயம் மொழிதான். அட்டன் மாதிரி இது தமிழ் ஊர் இல்லை. பிரதேச செயலகப் பிரிவு இருமொழிப் பிரிவாக அறிவிக்கப்பட்டதுதான், ஆனால் அறிவிப்பு ஒன்று, கவுண்டரில் இருப்பவர் இன்னொன்று. அதனால் அம்மாவையே பாமசிக்கு அனுப்பிவிட்டு நான் வெளியே நின்றேன். மருந்துச் சீட்டை நீட்டி அவர் தமிழில் கேட்டார். கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை தடுமாறித் தடுமாறித் தமிழிலேயே "சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மே" என்று விரல் காட்டி விளங்கப்படுத்தினாள். அம்மாவும் தன் தோட்டத்துச் சிங்களத்தில் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் படிவம் தமிழில் கிடைத்தது. நிரப்பியதைப் படிக்க இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். அட்டனில் இந்தக் காத்திருப்பு இருந்திருக்காது. இந்த வித்தியாசத்தோடுதான் வாழ வேண்டும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

பண்டாரவளைக்கு இன்னொரு கவலை தண்ணீர். உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது, 2014 கடைசியிலிருந்து நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் வடிந்தது. சுற்றுக் கிராமங்களில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்ரலில் திறந்தாயிற்று. ஆனாலும் இங்கே வீடு பார்க்கிறவர்கள் சுவரைப் பார்க்காமல் பேசக் கூடாது. பூசி மறைத்த வெடிப்பு, வாசல் நிலைக்கு மேலே மூலையில் சரிவாக ஒரு கோடாகத் தெரியும். உள்ளங்கையை வைத்துத் தடவினால் பூச்சு ஓரம் தட்டுப்படும். மூன்று வீடுகளை அந்தக் கோட்டுக்காகவே விட்டோம். கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும், வீட்டைக் காட்டுபவரிடம் இல்லை.

எங்களுக்குப் பிடித்த வீடு டவுனிலிருந்து நடக்கும் தூரத்தில், ஓரளவு சமதரையில் இருக்கிறது. பின்னால் சின்ன மண் வெட்டு ஒன்று. அங்கே மரங்கள் நேராக நிற்கின்றனவா, நிலத்தில் பிளவு உண்டா, புதிதாக ஊற்று ஏதும் கிளம்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்தது போதாது. டித்வாவில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடம் எந்த வலயத்தில் வருகிறது என்று கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. வாடகைக்குத்தானே என்று விடாதீர்கள். மண்ணுக்குக் காணி உறுதியும் தெரியாது, வாடகைச் சீட்டும் தெரியாது.

ஜூலையில் ஊவா நல்ல முகத்தைத்தான் காட்டும். இந்தப் பக்கத்துக்கு மோசமான மாதங்கள் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, முதலில் இடைப்பருவ மழையும் பிறகு வடகீழ்ப் பருவமழையும் நேராக முட்டும் காலம். அட்டனை மழையில் பார்த்துவிட்டுப் பண்டாரவளையை வெயிலில் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் அது அட்டனுக்குச் செய்கிற அநியாயம். வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். நவம்பர் மழையில் ஒருமுறை வந்து, அந்த மண் வெட்டையும் அலுமாரிக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்த்த பிறகு முற்பணம் தருகிறேன், அதற்குள் வேறு யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள் என்று. அவர் யோசித்துவிட்டு, "வாங்க, அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அம்மா வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். மலை தெரிந்தது.